பறக்கும் காவலருக்குப் பரிசுப் புள்ளி உண்டா?

வலியசாலையில் பல வீடுகளில் ஒருவராவது வளைகுடா நாட்டிலோ வடக்கே எங்கேயோ வேலையில் இருப்பார். அவர்கள் விடுமுறையில் வந்தால் பேச்சு விமானக் கட்டணத்தில் தொடங்கி மைலேஜ் புள்ளியில் வந்து நிற்கும். "இவ்வளவு புள்ளி சேர்ந்திருக்கிறது, அடுத்த தடவை அம்மாவுக்கு டிக்கெட் இலவசம்" என்று சொல்வதில் ஒரு பெருமை. அண்மையில் அப்படிப் பேசிக்கொண்டிருந்தபோது ஓர் இளைஞர் என்னிடம் கேட்டார்: "மாமா, துப்பாக்கியோடு விமானத்தில் காவலுக்குப் போகிறார்களே, அவர்களுக்கும் இந்தப் புள்ளி சேருமா? அடிக்கடி பறப்பவர்கள் என்றால் அவர்கள்தானே முதலில்?"

கேள்வி வேடிக்கையாகத் தோன்றினாலும் விஷயம் வேடிக்கையானது அன்று. ரயில்வேயில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பாஸ் என்ற சொல்லோடு வாழ்நாளைக் கழித்தவன் என்பதால் இதைப் பற்றிக் கொஞ்சம் எழுதத் தோன்றியது.

யார் இந்தக் காவலர்கள்?

1999 டிசம்பர் 24 அன்று காட்மாண்டுவிலிருந்து டில்லிக்குக் கிளம்பிய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் கடத்தப்பட்டு, அமிர்தசரஸ், லாகூர், துபாய் வழியாகக் காந்தகார் சென்றதை யாரும் மறந்திருக்க மாட்டோம். டிசம்பர் 31 அன்றுதான் பயணிகள் விடுவிக்கப்பட்டார்கள். அதன் பிறகுதான் தேசியப் பாதுகாப்புப் படை வீரர்கள் சாதாரண உடையில், பயணிகளோடு பயணிகளாகச் சில விமானங்களில் அனுப்பப்பட்டார்கள். 'ஸ்கை மார்ஷல்' என்று பத்திரிகைகள் எழுதுவது இவர்களைத்தான். ஆயுதத்தோடு எத்தனை பேர் இருக்கிறார்கள், எந்த இருக்கையில் இருக்கிறார்கள் என்பது விமானத் தலைவருக்குத் தெரியும். பக்கத்து இருக்கைக்காரருக்குத் தெரியாது; தெரியவும் கூடாது.

இவர்களுக்குத் துணிவு மட்டும் போதாது, நிதானமும் வேண்டும். 2012 அக்டோபரில் அபுதாபியிலிருந்து கொச்சிக்குச் செல்ல வேண்டிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் நம் திருவனந்தபுரத்தில் இறங்கியது. எங்களைக் கொச்சியில் கொண்டுபோய் விடுங்கள் என்று பயணிகள் சண்டை பிடிக்க, விமானி கடத்தல் எச்சரிக்கையையே அனுப்பிவிட்டார். உண்மையில் அங்கே கடத்தல்காரர் யாரும் இல்லை. களைத்துப்போன பயணிகளின் கோபம்தான் இருந்தது. கோபம் எது, ஆபத்து எது என்று பிரித்தறிவதுதான் விமானக் காவலரின் தொழில்.

புள்ளிக் கணக்கு

1981 மே மாதம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தொடங்கிய திட்டத்துக்குப் பிறகு மைலேஜ் புள்ளி உலகெங்கும் பரவியது. டிக்கெட் வாங்குபவர் மறுபடியும் நம்மிடமே வரவேண்டும் என்பதற்காக நிறுவனம் தரும் பரிசு அது. ஆனால் டிக்கெட்டுக்குப் பணம் தருவது அரசாங்கம், பறப்பது ஊழியர் என்றால் புள்ளி யாருக்கு?

நம் மத்திய அரசின் விதி தெளிவானது. அலுவல் பயணத்தில் சேரும் புள்ளி அலுவல் பயணத்துக்கே பயன்பட வேண்டும். சொந்தப் பயணத்துக்கு எடுத்தால் துறை நடவடிக்கை உண்டு. அமெரிக்காவில் நீண்ட காலம் இதே நிலைதான். 2001 டிசம்பரில் வந்த சட்டம்தான் அங்கே அரசு ஊழியர் அந்தப் புள்ளியைத் தாமே வைத்துக்கொள்ள அனுமதித்தது. ஆனால் அந்த நாட்டு விமானக் காவலருக்கு அதனால் பெரிய லாபம் இல்லை. 2001 நவம்பர் சட்டப்படி, காவல் பணியில் செல்பவருக்கு விமான நிறுவனம் கட்டணமின்றி இருக்கை தர வேண்டும். காசு வாங்காத இருக்கைக்கு எந்தக் கடைக்காரர் பரிசு கொடுப்பார்?

பரிசே காட்டிக்கொடுக்கும்

காசைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. புள்ளித் திட்டம் என்பதே ஆளைத் தெரிந்து வைத்துக்கொள்ளும் ஏற்பாடு. எந்தத் தேதியில், எந்த ஊருக்கு, எந்த இருக்கையில் போனார் என்பது பெயரோடு பதிவாகும். தங்க அட்டை வைத்திருந்தால் தனி வரிசை, பெயர் சொல்லி வரவேற்பு. மறைந்திருக்க வேண்டியவருக்கு இந்த மரியாதையே ஆபத்து.

இது வெறும் கற்பனை அன்று. அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று 2006இல் வெளியிட்ட அறிக்கை, விமானக் காவலர்கள் எப்படியெல்லாம் வெளியே தெரிந்துவிடுகிறார்கள் என்று விவரித்தது. கோட்டு அணிய வேண்டும் என்ற கட்டாயத்தால், விடுமுறைக்குப் போகும் கூட்டத்தில் அவர்கள் மட்டும் தனியாகத் தெரிந்தார்கள். ஒரு விடுதியோ இன்னும் மேலே போய், அடிக்கடி வந்து தங்குகிறார்கள் என்ற நன்றியில் அவர்களுடைய துறையையே 'இந்த மாதத்தின் சிறப்பு நிறுவனம்' என்று அறிவித்துவிட்டது! அந்த விடுதிக்காரர் நல்ல மனத்தோடு செய்ததுதான்.

ரயில்வே சொல்லும் பாடம்

எங்கள் துறையில் டியூட்டி பாஸ் வேறு, சலுகை பாஸ் வேறு. 1986ஆம் ஆண்டு பாஸ் விதிகள் இரண்டையும் தனித்தனியே வைத்திருக்கின்றன. டியூட்டி பாஸில் ஆயிரம் தடவை போய்வந்தாலும் சொந்தக் கணக்கில் ஒன்றும் சேராது. சலுகை பாஸ் குடும்பத்துக்கானது. அது ஊழியர் எவ்வளவு தூரம் போனார் என்று பார்த்துத் தரப்படுவதில்லை.

தூரம் போவதே தொழிலாக உள்ளவர்களுக்கு, அதாவது எஞ்சின் ஓட்டுநர்களுக்கும் கார்டுகளுக்கும் (2022 முதல் இவர்கள் 'டிரெயின் மேனேஜர்') ஓடிய கிலோமீட்டருக்கு 'ரன்னிங் அலவன்ஸ்' உண்டு. ஓய்வூதியத்தைக் கணக்கிடும்போதும் அதற்காக ஒரு பங்கு சேர்க்கப்படும். வண்டியைக் கொண்டுபோய்ச் சேர்த்த பிறகு இன்னொரு வண்டியில் உட்கார்ந்து ஊர் திரும்புவதற்கு 'ஸ்பேர்' என்று பெயர். ஆக, தூரத்துக்கு உரியது சம்பளத்தில் வந்துவிடுகிறது. வீடு திரும்ப வழியும் இருக்கிறது.

அமெரிக்கச் சட்டத்தில் என்னைக் கவர்ந்த வரி இதை ஒட்டியதுதான். காவல் பணி முடித்த அதிகாரி வீட்டுக்குத் திரும்பும்போது, வீட்டுக்கு அருகிலுள்ள விமான நிலையம் வரை, இடம் இருந்தால் இலவச இருக்கை தரும்படி நிறுவனங்களைக் கேட்க அது அரசுக்கு அதிகாரம் தருகிறது. நம் நாட்டிலும் புல்வாமா தாக்குதலுக்குப் பிறகு, 2019 பிப்ரவரியில், டில்லி, ஜம்மு, ஸ்ரீநகர் இடையே மத்திய ஆயுதப் படையினர் எல்லோரும் விமானத்தில் செல்லலாம் என்று ஆணை வந்தது. விடுப்பில் வரும் பயணமும் அதில் அடங்கும். ஜவானின் உயிரும் காலமும் மதிக்கப்பட்ட ஆணை அது.

ஆகவே அந்த இளைஞருக்கு என் பதில்: புள்ளி வேண்டாம் தம்பி. காவலருக்கு வேண்டியவை வேறு. பறக்கும் நேரத்துக்கு ஏற்ற படி, உடம்புக்கு ஓய்வு, நினைத்த நாளில் விடுப்பு, பணி முடிந்ததும் வீட்டுக்குப் போக ஓர் இருக்கை. இவை சலுகையாக இல்லாமல் உரிமையாக எழுதப்பட வேண்டும். 2016ஆம் ஆண்டு விமானக் கடத்தல் தடுப்புச் சட்டம், கடத்தலில் பாதுகாப்புப் பணியாளர் உயிரிழந்தாலும் குற்றவாளிக்கு மரண தண்டனை என்கிறது. இறந்த பிறகு சட்டம் தரும் மதிப்பு அது. உயிரோடு கடமை செய்யும் நாட்களிலும் அதற்கேற்ற கவனிப்பு வேண்டாமா?

அடுத்த முறை உங்கள் பிள்ளைகள் விமானத்தில் வரும்போது, யாருக்கும் தெரியாமல் ஒருவர் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். அவருக்கும் எங்கோ ஒரு வீட்டில் தாயும் மனைவியும் காத்திருப்பார்கள்.