எரிபொருள் கணக்கில் பிழை: மலையில் இறங்க இடமேது?

புது தில்லி: சிறிய விமானங்கள் நடுவானில் எரிபொருள் இன்றி வயலிலோ சாலையிலோ அவசரமாகத் தரையிறங்குவதற்கு, இயந்திரக் கோளாறைவிட விமானியின் கவனக்குறைவே பெரிதும் காரணமாகிறது. இடுக்கி மலையிலும் சிறிய விமானங்களுக்கான ஓடுபாதை அமைந்துவிட்ட நிலையில், இது தமிழக - கேரள எல்லைப் பகுதியும் கவனிக்க வேண்டிய பிரச்னையாகியுள்ளது.

இடுக்கி மாவட்டம் வண்டிப்பெரியாறு அருகே சத்திரத்தில், தேசிய மாணவர் படையினரின் (என்சிசி) பயிற்சிக்காக 650 மீட்டர் நீள ஓடுபாதை அமைக்கப்பட்டது. 2022 ஜூலையில் பெய்த மழையில் அதன் ஒரு பக்கத்தில் மண் சரிந்தது. அதே ஆண்டு டிசம்பர் 1-ம் தேதி, இரண்டு இருக்கைகள் கொண்ட "வைரஸ் எஸ்.டபிள்யூ.80' விமானம் அங்கு தரையிறங்கியது.

சமவெளியில் என்ஜின் நின்றால் இறங்குவதற்கு ஒரு வயலாவது கிடைக்கும். இதே மாவட்டத்தின் எல்லையான கம்பம்மெட்டில் நிலைமை வேறு. மேற்கே ஏலத் தோட்டங்களும் செங்குத்தான சரிவுகளும் உள்ளன. கிழக்கே கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைப் பந்தல்கள், தென்னந்தோப்புகள், மின்கம்பிகள். கணவாய்க் காற்று எதிர்த்து வீசினால், அதே எரிபொருளில் கடக்கும் தொலைவும் குறையும்.

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிப்படி, பகலில் கண்பார்வையைக் கொண்டு இயக்கப்படும் சிறிய விமானத்தில், சேருமிடத்தை அடைந்த பிறகும் 30 நிமிடங்கள் பறப்பதற்கான எரிபொருள் இருக்க வேண்டும். இரவில் இது 45 நிமிடங்கள். எதிர்பாராத நெருக்கடிக்கான இந்த இருப்பைப் பயணத்துக்கான கணக்கில் சேர்ப்பதே முதல் தவறு.

எரிபொருள் முற்றிலும் தீர்வது ஒரு வகை. ஒரு டேங்கில் எரிபொருள் இருந்தும், அதற்கான வால்வைத் திருப்பாததால் என்ஜின் நிற்பது மற்றொரு வகை. அமெரிக்க பாடகர் ஜான் டென்வர் 1997-ல் உயிரிழந்த விபத்தில், அந்த வால்வு விமானியின் எளிதில் எட்டாத வகையில் இருக்கைக்குப் பின்னால் பொருத்தப்பட்டிருந்தது.

அமெரிக்க தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2011 முதல் 2015 வரையிலான விபத்துகளை ஆராய்ந்தது. எரிபொருள் நிர்வாகத் தவறுகளால் ஆண்டுக்குச் சராசரியாக 50-க்கும் மேற்பட்ட விபத்துகள் நேர்ந்துள்ளன. இவற்றில் 95 சதவீதத்தில் மனிதத் தவறுக்குப் பங்குண்டு. தொடர்புடைய விமானிகளில் 48 சதவீதத்தினர் தொழில்முறை உரிமம் பெற்றவர்கள். பயிற்சி மாணவர்கள் 2 சதவீதம் மட்டுமே. அனுபவம் மட்டுமே பாதுகாப்பாகிவிடாது என்பதையே இது காட்டுகிறது.

பெரிய விமானங்களும் விதிவிலக்கல்ல. 2015 ஆகஸ்டில் தோஹாவிலிருந்து கொச்சி வந்த ஜெட் ஏர்வேஸ் விமானம், மோசமான வானிலையால் திருவனந்தபுரத்துக்குத் திருப்பி விடப்பட்டது. எரிபொருள் அபாய அளவுக்குக் குறைந்த நிலையில், ஏழாவது முயற்சியில்தான் அது தரையிறங்கியது. 2025 ஜூனில் குவாஹாட்டியிலிருந்து சென்னை வந்த இண்டிகோ விமானம், எரிபொருள் குறைவு காரணமாக அபாய அறிவிப்பு விடுத்து பெங்களூரில் இறங்கியது.

அவற்றில் இரு விமானிகளும் நவீனக் கருவிகளும் உண்டு. சிறிய விமானத்தில் பெரும்பாலும் ஒருவரே எல்லாவற்றையும் கவனிக்க வேண்டும்.

புறப்படும் முன் டேங்கில் அளவுகோலை விட்டு எரிபொருளைச் சரிபார்ப்பது, பறக்கும்போது செலவைக் குறித்து வருவது, ஐயம் எழுந்தால் அருகிலுள்ள நிலையத்தில் இறங்குவது ஆகியவை கூடுதல் செலவில்லாத வழிகள். பயிற்சி அமைப்புகளும், அவற்றைக் கண்காணிக்கும் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகமும் இவற்றைக் கட்டாயப் பழக்கமாக்க வேண்டும். மலையின் மேல் எரிபொருள் தீர்ந்த பிறகு, திருத்திக்கொள்ள அவகாசம் இருக்காது.