தொட்டி வாங்கும் முன் ஜன்னலைப் பாருங்கள்

அலுவலகத்தைப் பசுமையாக்க வேண்டும் என்றதும் முதலில் நர்சரிக்குத்தான் ஆள் போகிறது. லிஃப்ட் வாசலில் இரண்டு தொட்டி, மேலாளர் மேசையில் ஒரு மணி பிளான்ட், வரவேற்பறைச் சுவரில் பிளாஸ்டிக் புல். ஆறே மாதத்தில் ஏசி காற்றில் இலை நுனி பழுப்பேறி, விரலால் தொட்டால் தூசி ஒட்டும். வெளிச்சம் எந்தப் பக்கம் வருகிறது, உட்கார்ந்து வேலை செய்கிறவர் நிமிர்ந்தால் கண்ணில் எது படுகிறது என்பதைக் கட்டடம் வரையும்போதே யோசிக்காததன் பலன் அது. தோட்டத்தின் இடம் வரைபடத்திலேயே முடிவாக வேண்டும் என்பது என் கட்சி.

நியூயார்க்கில் 1967இல் திறக்கப்பட்ட ஃபோர்டு அறக்கட்டளைக் கட்டடம் இதற்குச் சாட்சி. கெவின் ரோச், ஜான் டிங்கலூ நிறுவனம் வடிவமைத்த 12 மாடிக் கட்டடம் அது. தோட்டம் டான் கைலியின் கைவண்ணம். அறைகளை ‘ட’ வடிவில் இரு பக்கமும் நிறுத்தி, மிச்ச மூலையைத் தரையிலிருந்து கூரை வரை காலியாக விட்டுக் கண்ணாடியால் மூடினார்கள். உள்ளே ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குப் படிப்படியாக இறங்கும் தோட்டம், நடுவில் சிறு குளம். கோப்பிலிருந்து தலையைத் தூக்கினால் மரக்கிளை தெரியும். கிளைக்கு அப்பால், எதிர் அறையில் வேலை செய்யும் சகாவும் தெரிவார். அங்கும் முதலில் நட்ட மரங்கள் பல தாக்குப்பிடிக்கவில்லை. பின்னர் அந்தச் சூழலைத் தாங்கும் வெப்பமண்டலச் செடிகள் இடம்பிடித்தன.

செடி காற்றைச் சுத்தம் செய்யும் என்று 1989இல் நாசா செய்த ஆய்வைக் காட்டுவார்கள். அது அடைத்த பெட்டிக்குள் நடந்த சோதனை. கதவு திறந்து மூடும் கட்டடத்தின் காற்றோட்டத்துக்கு ஈடாக, சதுர மீட்டருக்கு 10 முதல் 1000 செடி வரை தேவைப்படும் என்று 2019இல் ட்ரெக்சல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அந்த நியாயத்தை விட்டுவிடுவதே நல்லது. கண்ணுக்குக் கிடைக்கும் பசுமைதான் வலுவான நியாயம். பென்சில்வேனிய மருத்துவமனை ஒன்றில் பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேரின் பதிவுகளை ரோஜர் உல்ரிச் 1984இல் ஒப்பிட்டார். ஜன்னலில் மரங்களைப் பார்த்தவர்கள், செங்கல் சுவரைப் பார்த்தவர்களைவிடச் சராசரியாக முக்கால் நாள் முன்னதாக வீடு திரும்பினார்கள். வீரியமான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. சிறிய ஆய்வுதான், அதுவும் நோயாளிகள் பற்றியது. ஆனாலும் எட்டு மணி நேரம் சுவரைப் பார்த்து உட்காருகிறவருக்கு அது அந்நியமான செய்தி அல்ல.

சதுர அடிக்கு வாடகை கொடுக்கிறவர், தோட்டத்துக்கு இடம் ஏது என்று கேட்பது நியாயமே. ஃபோர்டு அறக்கட்டளை விட்டுக்கொடுத்த இடத்தை எல்லோராலும் விட முடியாது. ஆனால் ஜன்னலோரத்தை அடைத்து நிற்கும் கேபின்களை உள்பக்கம் தள்ளி, அந்த ஓரத்தைப் பொது நடைவழியாக்க அதிகச் செலவில்லை. கொசு வருமென்ற பயத்துக்கு, தொட்டித் தட்டில் தேங்கும் நீரை வாரம் ஒருமுறையாவது கொட்டிவிட்டால் போதும்.

நாளைக் காலை பதினொரு மணிக்கு உங்கள் அலுவலக விளக்குகளை எல்லாம் ஐந்து நிமிடம் அணைத்துப் பாருங்கள். எந்த மேசையில் அப்போதும் எழுத்து தெரிகிறதோ, செடி வைப்பதை அதன் அருகில் தொடங்குங்கள்.