பெயர் தங்காத மாலுமி

மலாக்கா ஆற்றோரம் நிற்கும் பெரிய மரக்கப்பலைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் கடல்சார் அருங்காட்சியகம். 1511இல் மலாக்காவில் அள்ளிய கொள்ளையோடு புறப்பட்டு, சுமத்ராவின் வடகரையருகே மூழ்கிய போர்ச்சுகீசியக் கப்பலான புளோர் டி லா மாரின் மாதிரி. அதன் பேச்சு வந்தால் எல்லோருக்கும் தங்கம்தான் நினைவு. என் கணக்கில் அங்கே போன பெரிய இழப்பு ஒரு வரைபடம்.

ஜாவா மாலுமி ஒருவர் வைத்திருந்த வரைபடம் அது. மலாக்காவைப் பிடித்த போர்ச்சுகீசியத் தளபதி அல்புகெர்க் 1512 ஏப்ரலில் தம் மன்னர் மனுவேலுக்கு எழுதிய கடிதத்தில் அதை நினைத்து நினைத்து வருந்துகிறார். நன்னம்பிக்கை முனை, செங்கடல், பாரசீகக் கடல், கிராம்புத் தீவுகள், சீனர் போகும் வழி எல்லாம் அதில் இருந்தன. பெயர்கள் ஜாவா எழுத்தில். பிரேசிலும் இருந்ததாம்! போர்ச்சுகீசியர் அந்தக் கரையைக் கண்டதே 1500இல்தான். பத்துப் பதினொரு ஆண்டில் அந்தச் செய்தி ஜாவாக்காரர் கைக்கு வந்துவிட்டது என்றால், அன்றைய மலாக்காத் துறைமுகத்தில் எத்தனை காதுகள் திறந்திருந்தன என்று பாருங்கள்.

நல்லவேளையாக, பிரான்சிஸ்கோ ரோட்ரிகஸ் என்ற மாலுமி அதில் ஒரு பகுதியைப் பார்த்து எழுதி வைத்திருந்தார். பிறகு அவரே கிராம்புத் தீவுகளைத் தேடிப் போன கப்பல்களில் சென்று, வழியில் கண்ட கரைகளை வரைந்தார். அந்த வரைபடப் புத்தகமும், அதே காலத்தில் மலாக்காவில் இருந்த போர்ச்சுகீசியர் தோமே பிரெஸ் எழுதிய சுமா ஓரியண்டல் என்ற நூலும் ஒரே கட்டாகப் பாரிஸில், பிரெஞ்சு நாடாளுமன்ற நூலகத்தில் கிடந்தன. வரலாற்றாளர் ஆர்மாண்டோ கோர்த்தெசாவ் 1937இல் அதைக் கண்டெடுத்தார். 1944இல் ஆங்கிலத்தில் அச்சானது. ரோட்ரிகஸுக்குப் பெயர் கிடைத்தது. மூல வரைபடத்துக்கு உரியவரின் பெயரோ அல்புகெர்க்கின் கடிதத்தில் இல்லை.

அதே ஆண்டுகளில் மலாக்காவில் இருந்த தமிழ் வணிகர் ஒருவரின் பெயர் தங்கியிருக்கிறது. போர்ச்சுகீசியர் அவரை நினா சட்டு என்று எழுதினார்கள். அவர்களோடு பங்கு சேர்ந்து கப்பல் அனுப்பியவர். பெண்டகாரா என்ற உயர் பதவியில் இருந்தவர். 1514இல் பதவி பறிபோகிறது என்றதும் தீக்குளித்து இறந்தார். பணம் போட்டவர் கணக்கில் ஏறினார், கடலறிந்தவர் ஏறவில்லை.

இன்று மலாக்காவின் பழைய கோட்டை வாசலிலிருந்து கடல் வெகுதூரம் தள்ளிப்போய்விட்டது. தூர்த்த நிலத்தில் கடைவளாகங்கள். பெருங்கப்பல்கள் மலாக்காவில் நிற்காமலே நீரிணையைக் கடக்கின்றன. 2012 முதல் 2018 வரை படிப்படியாக மின்னணு வரைபடம் கட்டாயமானதால், பென்சில் கோடுகளும் திருத்தங்களும் நிறைந்த காகித வரைபடங்கள் கப்பலிலிருந்து இறங்குகின்றன. பல குப்பைக்குத்தான்.

நம் மலேசியத் தோட்டக் காகிதங்களுக்கும் இதே கதி. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டம் துண்டாடப்பட்டது, வீடமைப்புத் திட்டம் வந்தது. ஒவ்வொரு முறையும் செக்ரோல் என்ற வருகைப் பதிவுப் புத்தகங்களும் பள்ளிப் பதிவேடுகளும் பழைய பேப்பர்க் கடைக்குப் போயின. உங்கள் வீட்டில் தோட்டத்தில் கிராணியாகவோ (எழுத்தர்), மண்டோராகவோ (மேற்பார்வையாளர்), கப்பலிலோ வேலை பார்த்த தாத்தாவின் பெட்டி இருந்தால், எடைக்குப் போடுமுன் ஒவ்வொரு தாளின் மேலும் அவர் பெயரையும் ஊரையும் பென்சிலால் எழுதிவையுங்கள்.