நொதியம் சுரக்கும் பாக்டீரியாக்களைத் தட்டில் தெரிவு செய்தல்

தட்டுத் தெரிவு முறை என்பது, பயனுள்ள நொதியங்களைச் சுரக்கும் பாக்டீரியாக்களை வளர்ப்புத் தட்டுகளில் அடையாளம் காணும் நுண்ணுயிரியல் ஆய்வக முறை ஆகும். சலவைத்தூள், துணி, உணவு ஆகிய தொழில்களுக்கான நொதியங்களைத் தேடும்போது, நூற்றுக்கணக்கான காலனிகளிலிருந்து சிலவற்றைக் குறைந்த செலவில் பிரித்தெடுக்க இம்முறை உதவுகிறது. எனினும் தட்டில் தோன்றும் வளையம் ஒரு அறிகுறியே அன்றி, நொதியத்தின் அளவீடு அன்று.

வரலாறு

இராபர்ட் கோக் தொடக்கத்தில் செலட்டின் கலந்த திண்ம ஊடகத்தைப் பயன்படுத்தினார். செலட்டின் வெப்பத்தில் உருகியது. சில பாக்டீரியாக்கள் தாம் சுரந்த நொதியங்களால் அதைக் கரைத்தும் விட்டன. கடற்பாசியிலிருந்து பெறப்படும் அகாரைப் பயன்படுத்தலாம் என்ற யோசனையை 1881 இல் ஃபானி ஹெஸ்ஸே வழங்கினார். மிகச் சில பாக்டீரியாக்களே அகாரைச் சிதைக்க வல்லவை. மூடியுடன் கூடிய தட்டினை 1887 இல் யூலியசு ரிச்சர்டு பெட்ரி விவரித்தார்.

அடிப்படை

மாவுச்சத்து, புரதம் போன்ற பெரிய மூலக்கூறுகள் பாக்டீரிய உயிரணுவினுள் நேரடியாக நுழைய இயலாது. எனவே பாக்டீரியா நொதியங்களை வெளியே சுரந்து, அவற்றைச் சிறு துண்டுகளாக்கி உட்கொள்கிறது. வெளியேறிய நொதியம் அகாரில் பரவி, காலனியைச் சுற்றியுள்ள தளப்பொருளைச் சிதைக்கும். அவ்விடம் தெளிவு வளையமாகத் தெரியும்.

செய்முறை

தேடப்படும் தளப்பொருள் இயற்கையில் சிதைவுறும் இடத்திலிருந்து மண் எடுக்கப்படுகிறது. ஒரு கிராம் மண் 9 மி.லி. நுண்ணுயிர் நீக்கிய நீரில் கலக்கப்பட்டு, பின் படிப்படியாகப் பத்து மடங்கு வீதம் நீர்க்கப்படுகிறது. ஒவ்வொரு படியிலிருந்தும் 0.1 மி.லி. தட்டில் பரப்பப்படுகிறது. தனித்தனியாக வளர்ந்த காலனிகள் தூய வளர்ப்பாக்கப்பட்டுச் சோதிக்கப்படுகின்றன. பாசிலசு போன்ற வித்துகள் தரும் பாக்டீரியா மட்டும் தேவையெனில், கரைசலை முன்னதாக 80 °செ இல் 10 நிமிடம் சூடாக்குவர்.

சில தளப்பொருள்கள்

அமைலேசு: மாவுச்சத்து கலந்த தட்டில் அயோடின் கரைசல் ஊற்றப்படும். மாவுச்சத்து உள்ள இடம் கருநீலமாகும். சிதைந்த இடம் நிறமற்றிருக்கும். அயோடின் காலனிகளைக் கொல்லக்கூடும் என்பதால், முன்னரே நகல் தட்டு எடுக்கப்படுகிறது. வெல்வெட் துணியால் நகல் எடுக்கும் முறையை 1952 இல் சோசுவா, எசுதர் லெடர்பெர்க் இணையர் வெளியிட்டனர்.

புரோட்டியேசு: கொழுப்பு நீக்கிய பால் கலந்த வெண்ணிறத் தட்டில் தெளிவு வளையம் தோன்றும்.

லிப்பேசு: டிரைபியூட்டிரின் என்னும் கொழுப்பால் கலங்கிய தட்டு தெளிவடையும்.

செல்லுலேசு: கார்பாக்சிமெத்தில் செல்லுலோசு தட்டில் காங்கோ சிவப்புச் சாயம் ஊற்றி, உப்புக் கரைசலால் கழுவுவர். சிதையாத செல்லுலோசு சிவப்பாகவே இருக்கும். மாட்டின் அசையிரைப்பையில் வாழும் பாக்டீரியாக்களுக்கு இம்முறையை டெதர், வுட் ஆகியோர் 1982 இல் பயன்படுத்தினர்.

வளையத்தை மதிப்பிடுதல்

வளையத்தின் விட்டத்தைக் காலனியின் விட்டத்தால் வகுத்து ஒப்பிடுவது வழக்கம். எடுத்துக்காட்டாக, 5 மி.மீ. காலனியும் 20 மி.மீ. வளையமும் இருப்பின் விகிதம் 4, 10 மி.மீ. காலனியும் 25 மி.மீ. வளையமும் இருப்பின் 2.5. வளையம் சிறிதாயினும் முதலாவதே முற்படும்.

வரம்புகள்

வளையத்தின் அளவு நொதியத்தின் அளவை மட்டும் சார்ந்ததன்று. அகாரின் தடிப்பு, தளப்பொருளின் செறிவு, நொதியம் பரவும் வேகம், வளர்ப்புக் காலம் ஆகியவையும் அதை மாற்றும். பால் தட்டில் அமிலம் சுரக்கும் பாக்டீரியாவும் தோற்றத்தை மாற்றித் தவறான முடிவைத் தரலாம். கார்பாக்சிமெத்தில் செல்லுலோசைச் சிதைக்கும் பாக்டீரியா, வைக்கோல் அல்லது பருத்தியிலுள்ள படிக செல்லுலோசையும் சிதைக்கும் என்று கொள்ள இயலாது. உயிரணுவினுள்ளேயே தங்கும் நொதியங்கள் பெரும்பாலும் வளையம் தருவதில்லை. மேலும், மண்ணிலுள்ள பாக்டீரியாக்களுள் பெரும்பாலானவை வழக்கமான தட்டுகளில் வளர்வதே இல்லை.

ஆகவே தட்டில் தெரிவான காலனிகள் நீர்ம ஊடகத்தில் வளர்க்கப்பட்டு, நொதியச் செயல்திறன் தனியே அளக்கப்படுகிறது. அமைலேசு, செல்லுலேசு ஆகியவற்றுக்கு, விடுபடும் சர்க்கரையை அளக்க 1959 இல் மில்லர் விவரித்த டைநைட்ரோசாலிசிலிக் அமில முறை பரவலாகப் பயன்படுகிறது. நொதியம் செயல்படும் வெப்பநிலையும் அமிலத்தன்மையும் சோதிக்கப்பட்ட பின்னரே அப்பாக்டீரியா தொழிற்பயன்பாட்டிற்கு ஏற்றதா என முடிவு செய்யப்படும்.