கியூ வீதியும் ஒரு மஞ்சட் பூவும்

இலண்டன் மாநகரின் புறத்தேயுள்ள நாற்றுமேடை ஒன்றுக்குக் கறிவேப்பிலைக் கன்று வாங்கச் சென்றிருந்தேன். 1983 ஆம் ஆண்டு ஆடிக் கலவரத்தின் பின் வெள்ளவத்தை வீட்டைத் துறந்து அந்நகர் சேர்ந்த என் தமக்கையார், தமது சமையலறைச் சாளரத்தருகே வைப்பதற்கு அதனைக் கேட்டிருந்தார். வெள்ளவத்தைச் சந்தையிலே மரக்கறி வாங்குவோருக்கு ஓர் இணுக்கு இனாமாகவே கிடைத்துவிடும். அங்கோ கண்ணாடி வீட்டினுள், சூட்டை அளந்து ஊட்டி, கைக்குழந்தையைப் போல் வளர்க்கிறார்கள். ஒரு சாண் உயரக் கன்றுக்கு நான் கொடுத்த விலையை இங்கே எழுதினால் நம்மவர் நம்பமாட்டார்.

விலையை விட என் கருத்தைக் கவர்ந்தது சாடியிற் செருகியிருந்த பெயர்ச்சீட்டு. தாவரவியலார் இட்ட பெயரின் பிற்பகுதி ‘கோனிகியை’ என்றிருந்தது. கோனிக் என்பார் பால்டிக் கடலோர நாட்டிற் பிறந்து, சுவீடனிலே லின்னேயஸ் என்னும் பேரறிஞரிடம் பயின்று, 1768 இல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்தவர். 1785 இல் இந்திய மண்ணிலேயே மறைந்தவர். ஆசானாகிய லின்னேயஸ் 1771 இல் நம் கறிவேப்பிலைக்கு அம்மாணவரின் பெயரைச் சூட்டிவிட்டார். தமக்கையாரின் சாளரத்துக்குப் போகும் சாடியிலே, சோழநாட்டுக் கடற்கரையூர் ஒன்றின் சரித்திரமும் கூடவே போயிற்று.

அதன்பின் சீட்டுகளை வாசிப்பதே எனக்கு வேலையாயிற்று. வாள்போல் நிமிர்ந்து நின்ற மருளின் சீட்டில் ‘சீலானிக்கா’ என்று கண்டேன். இலங்கைக்குரியது என்பது பொருள். நம்மூர் வேலியோரத்தில் நின்றால் திரும்பியும் பாரோம்; அங்கே அது வரவேற்பறையின் அணிகலன். இவ்வடைமொழி தாவர நூல்களிலே பெருகியதற்குக் காரணர் பவுல் ஹெர்மன். 1670 களில் ஒல்லாந்தக் கம்பனியின் மருத்துவராக இங்கு வந்து பல்லாண்டு தங்கிச் செடிகொடிகளைத் திரட்டினார். அவர் உலர்த்திவைத்த தொகுதியைக் கொண்டே லின்னேயஸ் 1747 இல் ‘புளோரா சீலானிக்கா’ என்னும் நூலை இயற்றினார். இலங்கையை அவர் கண்ணாற் கண்டதில்லை! அத்தொகுதி இன்று இலண்டன் இயற்கை வரலாற்று அரும்பொருட்சாலையில் இருக்கிறது. ஹெர்மன் சேர்த்தவற்றின் பட்டியல் 1717 இல் அச்சேறியபோது, செடிகளின் சிங்களப் பெயர்களும் அதில் இடம்பெற்றன. அப்பெயர்களை அவருக்கு வாய்திறந்து சொன்னவர்கள் இந்நாட்டார். அன்னாருள் ஒருவர் பெயரையேனும் எந்தச் சாடியிலும் நான் காணவில்லை.

ஆயினும் என்னை நெடுநேரம் நிறுத்திவைத்தது வெளிமுற்றத்தில் நின்ற வேறொரு செடி. இலை அடராத பசிய கொம்புகளில், சிறு செவ்வந்தி போன்ற மஞ்சட் பூக்கள் நெருங்கிப் பூத்திருந்தன. பெயர் ‘கெரியா’. “சீனத்துப் பூ, ஐயா, குளிருக்கு அஞ்சாது” என்றார் விற்பனையாளர். “இப்பெயருக்குரியவர் எங்கள் கொழும்பில் உத்தியோகம் பார்த்தவர்” என்றேன். அவர் வியந்தார், ஆனால் விலையைக் குறைக்கவில்லை.

வில்லியம் கெர் ஸ்கொட்லாந்துக்காரர். இலண்டன் கியூ பூங்காவின் தோட்டக்காரர். சர் ஜோசப் பாங்ஸ் அவரைச் சீனத்துக் காந்தோன் நகருக்கு அனுப்பினார். அங்கே எட்டாண்டளவு இருந்து, அவர் கப்பலேற்றிய செடிகளுள் இம்மஞ்சட் பூவும் ஒன்று. 1812 இல் கொழும்பிலே பூங்கா அதிகாரியாக நியமனம் பெற்றார். அதற்கு இரண்டாண்டு முன்னரே, பாங்ஸ் பெருமகனாரின் ஆலோசனைப்படி, கொம்பனித்தெருவில் ஒரு தாவரப் பூங்கா தோன்றியிருந்தது. இலண்டன் பூங்காவின் பெயரையே இதற்கும் வைத்தார்கள். 1813 இல் அது களுத்துறைக்குப் பெயர்ந்தது. மறு ஆண்டே கெர் இலங்கையில் காலமானார். நான்காண்டு கழித்து, 1818 இல், தெ கந்தோல் என்னும் அறிஞர் அச்செடிக்கு அவர் பெயரை வழங்கினார். தம் பெயரால் ஒரு மலர் இருப்பதை அறியாமலே போய்விட்டார் பாவம்! 1821 இல் பேராதனையிற் பூங்கா அமைந்ததும், கொம்பனித்தெருவில் அதன் மூத்த தமக்கை ஒருத்தி இருந்தாள் என்பதைப் பெரும்பாலோர் மறந்தனர்.

எஞ்சியிருப்பது கியூ வீதி என்னும் பெயர் மாத்திரமே. கொட்டாஞ்சேனையில் நான் ஆசிரியனாக இருந்த நாளில், மாணவரிடம் அப்பெயரின் காரணத்தைக் கேட்பதுண்டு. யாரோ ஒரு வெள்ளைக்காரத் துரையின் பெயர் என்பர் சிலர். சினிமாக் கொட்டகையில் மக்கள் நிற்கும் ‘கியூ’ வரிசை என்றான் ஒரு குறும்பன். பேராதனைக்கு ஆண்டுதோறும் சுற்றுலா அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள், அதற்கு முதல்வாரம் ஒரு பிற்பகல் இவ்வீதிக்கும் மாணவரைக் கூட்டிச் செல்லலாம். பேர வாவி பக்கத்திலேதான். பஸ் கட்டணமும் அதிகமன்று.