உங்களுக்குத் தெரியுமா? தட்டியவுடன் திறக்காத கதவு

கத்தோலிக்கத் துறவு மடத்தில் சேர வருபவரை எளிதில் உள்ளே விடக்கூடாது என்கிறது, புனித பெனடிக்ட் 6ஆம் நூற்றாண்டில் எழுதிய ஒழுங்குநூலின் 58ஆம் அதிகாரம். நான்கைந்து நாளாவது அவர் கதவைத் தட்டிக்கொண்டு நிற்க வேண்டும். கடுஞ்சொல்லையும் பொறுக்க வேண்டும். பிறகு சில நாள் விருந்தினர் அறை, அதன்பின் நவதுறவியர் (பயிற்சி பெறும் புதியவர்கள்) பகுதி. 2 மாதம் கழித்து ஒழுங்குநூல் முழுவதும் வாசித்துக் காட்டப்படும். முடியாதென்றால் தாராளமாகப் போகலாம். அடுத்த 6 மாதம் கழிந்ததும் மீண்டும் வாசிப்பு, பின்னும் 4 மாதம் கழிந்ததும் இன்னொன்று.

நிலைத்தவர் தம் கைப்பட எழுதிய வார்த்தைப்பாட்டு (துறவு உறுதிமொழி) பத்திரத்தைப் பீடத்தில் வைப்பார். எழுதத் தெரியாதவர் பிறரை எழுதச் சொல்லி அடையாளக் குறி இடுவார். சேர்ந்தவர் கழற்றிய பழைய உடைகள் மடத்து உடையறையிலேயே இருக்கும்: என்றேனும் வெளியேறினால் உடுத்தி அனுப்ப. பத்திரம் மட்டும் திரும்பக் கிடைக்காது. கறாரான ஏற்பாடுதான்.

இன்று, 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டப்படி, 17 வயது நிறையாதவர் நவதுறவில் சேர முடியாது. பயிற்சி குறைந்தது 12 மாதம். முதல் வார்த்தைப்பாடு தற்காலிகமானதே. இறுதி வார்த்தைப்பாட்டுக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும்.