நிணநீர் வீக்கமும் மசாஜும்

நிணநீர் வீக்கம் என்பது நிணநீர் வடிய வழியின்றித் தோலுக்கு அடியில் தேங்குவதால் கை, கால்களில் உண்டாகும் நாட்பட்ட வீக்கம் ஆகும். இரத்தத்தை இதயம் உந்துவது போல நிணநீரை உந்தத் தனி உறுப்பு இல்லை. குழாய்களின் சுருக்கம், தசை அசைவு, மூச்சு ஆகியவற்றால் அது மெதுவாக நகர்கிறது. மார்பகப் புற்றுநோய் அறுவையில் அக்குள் நிணநீர்க் கணுக்களை அகற்றினால் அந்தப் பக்கக் கை வீங்கலாம். யானைக்கால் நோயில் ஃபைலேரியா புழுக்கள் நிணநீர்க் குழாய்களைச் சிதைக்கின்றன.

இவ்வீக்கத்தை அழுத்திப் பிசையக் கூடாது; அங்கு இரத்த ஓட்டம் மிகுந்து நீர் மேலும் சேரும். டென்மார்க்கைச் சேர்ந்த வோடர் தம்பதியர் 1930களில் உருவாக்கிய நிணநீர் வடிப்பு முறையில், தோலை மட்டும் மெல்ல நகர்த்துவர். முதலில் நலமான பகுதியில் தொடங்கி, பிறகே வீங்கிய பகுதிக்கு வருவர்.

மசாஜ் செய்யக் கூடாத நிலைகள்

• சிவப்பு, சூடு, காய்ச்சல், நடுக்கம்: பாக்டீரியாத் தொற்றின் அறிகுறிகள். உடனே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.
• ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தல்: சிரையில் இரத்தக்கட்டி இருக்கலாம், பிசைந்தால் அது நுரையீரலுக்குச் செல்லக்கூடும்.
• இதயச் செயலிழப்பு: காலிலிருந்து திரும்பும் நீர் இதயத்திற்குச் சுமையாகும்.
• காரணம் தெரியாத கெட்டியான கணு: வலி இல்லாவிட்டாலும் மருத்துவர் பார்த்த பிறகே மசாஜ் செய்யலாம்.